"கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார் மேலாளர்: ஆற்காட்டு வாசகியின் கேள்வியும் பதிலும்

கேள்வி:

அக்கா, வணக்கம். ஆற்காட்டில் வசிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு, ராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாரித்து கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கும் வங்கிக்கும் அனுப்புவது என் பொறுப்பு. எதையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். அப்படியும் தவறு நுழைந்துவிடுகிறது. ஒரு பேக்கிங் லிஸ்டில் நிகர எடையும் மொத்த எடையும் இடம் மாறிவிட்டன. ஏஜென்ட் பார்த்துச் சொன்னார். இன்னொரு முறை, இன்வாய்ஸில் பழைய ஆர்டர் எண் அப்படியே நின்றுவிட்டது. இந்த ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் என்னைவிட வேகமாக முடித்து நல்ல பெயர் வாங்குகிறார். நுணுக்கமாகப் பார்ப்பது பிறவியிலேயே வர வேண்டுமா? அது வேலையில் முன்னேற உண்மையிலேயே உதவுமா, அல்லது வேகம்தான் முக்கியமா?

ஒரு வாசகி, ஆற்காடு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஒருவர் ஓராண்டு பார்த்த வேலையை "கவனக்குறைவு" என்று எழுதி மூடிவிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த ஆவணம், எந்தக் கட்டம், எத்தனை முறை, அதனால் என்ன நஷ்டம் என்று எதுவுமே இல்லை. கவனத்தைக் குறை சொல்கிற குறிப்பிலாவது கொஞ்சம் கவனம் இருந்திருக்க வேண்டும். உங்கள் மேலாளரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் தவறுகள் நடந்தது நடந்ததுதான். அவற்றைச் சரிசெய்யும் வழியை முதலில் பார்ப்போம்.

மூன்று முறை சரிபார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த வரி அதுதான். அதே திரை, அதே வரிசை, அதே கண். முதல் முறை பார்க்கும்போது எண்ணைப் படிக்கிறோம். இரண்டாம் முறை, அங்கே என்ன இருக்கும் என்று மனம் ஏற்கெனவே நினைத்துவைத்திருப்பதைப் படிக்கிறோம். மூன்றாம் முறை பக்கத்தைப் புரட்டுகிறோம், அவ்வளவுதான். நேரம் மூன்று மடங்கு போகிறது, பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஆவணப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளைகள் பலரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளைகள்.

உங்கள் ஃபேக்டரியிலேயே தோல் வெட்டும் பிரிவு இருந்தால், ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். நல்ல அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர் ஒருவர் தோலை மேஜையில் விரிப்பதைப் பாருங்கள். உடனே டையை, அதாவது துண்டின் வடிவத்தில் தோலை வெட்டும் அச்சை, எடுத்து வைத்துவிட மாட்டார். உள்ளங்கையை விரித்து முதுகுப் பகுதியிலிருந்து வயிற்றுப் பகுதி வரை தடவிக்கொண்டு போவார். உண்ணிக் கடித் தழும்பு, முள் கீறல், நரம்புத் தடம், தோல் உரிக்கும்போது கத்தி பட்ட காயம் என ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்படும். ஆடு மாடு வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் அதன் தோலில்தான் இருக்கிறது. குறையே இல்லாத தோல் என்று யாருக்கும் வந்து சேர்வதில்லை. அவருடைய வேலை, எந்தக் குறை எங்கே போகலாம் என்று முடிவு செய்வது. காலணியின் முன்பாகம் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற இடம், நடக்கும்போது மடங்குகிற இடமும் கூட. அதற்கு முதுகுப் பக்கத்தின் இறுக்கமான, சுத்தமான பகுதிதான் வேண்டும். தளர்ந்த வயிற்றுப் பகுதி, காலணியில் லேஸுக்கு அடியில் வரும் நாக்குக்கோ, வெளியே தெரியாத பாகத்துக்கோ போகும். சின்னத் தழும்பு என்றால், சோலுக்கு அடியில் மடிந்து மறைகிற ஓரத்தில் விழும்படி டையை நகர்த்தி வைப்பார். அதே இடத்தில் கத்திக் காயத்தை மட்டும் வைக்க மாட்டார். கால் வடிவத்தில் இருக்கும் அச்சுக்கட்டையில் இழுத்து ஒட்டும்போது அந்த ஓரம்தான் அதிக இழுவையைத் தாங்குகிறது, காயம் இருந்தால் கிழிந்துவிடும். இடது காலுக்கும் வலது காலுக்கும் உரிய துண்டுகளைப் பக்கம் பக்கமாக வெட்டுவார், நிறமும் மேல்பரப்பும் ஒத்துப்போக வேண்டுமே.

அந்தக் கையைக் கவனியுங்கள். தோலின் ஒவ்வொரு அங்குலத்தையும் ஒரே அளவு கவலையோடு அது பார்ப்பதில்லை. இந்தத் துண்டு அடுத்து தையல் மெஷினுக்குப் போகும், பிறகு அச்சுக்கட்டைக்குப் போகும், கடைசியில் ஒருவர் காலில் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும், எங்கே சும்மா கடந்துபோகலாம் என்பதும் தெரிகிறது. நுணுக்கமாகப் பார்ப்பது என்று எதைச் சொல்கிறீர்களோ, அது என் கணக்கில் இதுதான்: நம் வேலை அடுத்து யார் கைக்குப் போகிறது, அவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பது.

இப்போது உங்கள் மேஜைக்கு வருவோம். நீங்கள் தயாரிக்கும் பேக்கிங் லிஸ்ட் யார் கைக்குப் போகிறது? கஸ்டம்ஸ் ஏஜென்ட் அதை வைத்து ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம், தயாரிக்கிறார். சரக்கு ஏற்றிய கண்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் இருக்கிறது. கண்டெய்னரை முழுதாக எடை போடலாம், அல்லது உள்ளே போகும் பெட்டிகளின் எடையைக் கூட்டி, அதனோடு காலி கண்டெய்னரின் எடையைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். இரண்டாவது வழியில் கணக்கிடும்போது நீங்கள் எழுதிய மொத்த எடைதான் அங்கே போய் உட்காருகிறது. வாங்குபவரின் கிடங்கில் ஒருவர் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சைஸ் வாரியாகப் பெட்டிகளை எண்ணி இறக்குகிறார். ஆக, எடையும் சைஸ் பிரிவும் தவறக் கூடாத இடங்கள்.

வங்கியின் கதை இன்னும் கடுமையானது. லெட்டர் ஆஃப் கிரெடிட் (கேட்ட ஆவணங்கள் சரியாக வந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி; சுருக்கமாக கிரெடிட்) மூலம் பணம் வருகிற ஆர்டர் என்றால், வங்கி செருப்பைப் பார்ப்பதே இல்லை, காகிதத்தை மட்டும்தான் பார்க்கிறது. இதற்கென்று சர்வதேச வர்த்தகச் சபையின் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு 5 வங்கி வேலை நாட்கள். சரக்கு கப்பலேறிய 21 நாட்களுக்குள், அதுவும் கிரெடிட் காலாவதியாகும் முன், ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். கிரெடிட்டிலேயே வேறு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு. ஒரு தாளைத் திருத்தி மறுபடி அனுப்புகிற ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. இன்வாய்ஸில் பொருளின் விவரம் கிரெடிட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம். வாங்குபவர் நல்லவராக இருந்தால் அபராதக் கட்டணத்தோடு விஷயம் முடிந்துவிடும். சந்தையில் விலை இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, சரக்கை வேண்டாம் என்று சொல்லச் சாக்குத் தேடிக்கொண்டிருப்பவராக இருந்தாலோ, அந்தச் சாக்கை உங்கள் தாள் அவர் கையில் கொடுத்துவிடும். சரக்கு கடல் தாண்டிப் போய் நிற்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் தொடங்கும். ஒரு வரிசையில் எண் மாறியதற்கும் ஆயிரக்கணக்கான ஜோடியின் லாபத்துக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் வருகிறது.

அதே வங்கித்துறையின் நடைமுறை விளக்கத்தில் உங்களுக்கு ஆறுதலான ஒரு செய்தியும் இருக்கிறது. பொருள் மாறாத சாதாரண எழுத்துப்பிழையைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. மெஷின் என்ற சொல்லில் ஒரு எழுத்து தவறியிருந்தால் பாதகமில்லை. மாடல் எண் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று இருந்தால் அது குறை. உலகத்திலேயே மிகவும் கறாரான பரிசீலகர்களும் எல்லாப் பிழையையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை, பாருங்கள். நீங்கள் மூன்று முறை படித்ததில் எவ்வளவு நேரம் எழுத்துக்கூட்டலுக்கும், கோடு நேராக வந்திருக்கிறதா என்பதற்கும் போயிருக்கும்? அந்த நேரத்தைத் தூக்கி எண்களுக்குக் கொடுங்கள். ஆர்டர் எண், கிரெடிட் எண், வாங்குபவரின் பெயரும் முகவரியும், துறைமுகம், தேதி, அளவு, எடை, விலை, சுங்கக் குறியீடு. இவைதான் பணத்தை நிறுத்தக்கூடியவை. உங்கள் பகுதி நிறுவனங்கள் பலவும் முழுக் காலணியும் அனுப்புகின்றன, தைத்த அப்பர், அதாவது மேல்பாகம், மட்டும் தனியாகவும் அனுப்புகின்றன. தோல் மேல்பாகம் கொண்ட காலணிக்குச் சுங்கக் குறியீடு 6403, பாகங்களுக்கு 6406. கடைசி இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் வரியும், ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரியான டிராபேக் தொகையும் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

எண்களை எப்படிச் சரிபார்ப்பது? வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள், வேறு வழியில் போங்கள். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 1,200 ஜோடி, பெட்டிக்கு 12 ஜோடி, 100 பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் சைஸ் 39-இல் 1, 40-இல் 2, 41-இல் 3, 42-இல் 3, 43-இல் 2, 44-இல் 1. குறுக்கே கூட்டினால் 12 வர வேண்டும். கீழ்நோக்கிக் கூட்டினால் 100, 200, 300, 300, 200, 100 என்று வந்து, அதன் கூட்டுத்தொகை 1,200 ஆக வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே எண்ணில் வந்து நின்றால்தான் அடுத்த வேலை.

எடைக்கும் அதே முறைதான். நிகர எடை 1,080 கிலோ, மொத்த எடை 1,360 கிலோ என்று உங்கள் தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 280. நூறால் வகுத்தால் பெட்டிக்கு 2.8 கிலோ. இது ஒரு காலி அட்டைப்பெட்டியும் அதற்குள் போகும் 12 காலி ஷூ பாக்ஸும் சேர்ந்த எடையாக இருக்க வேண்டும். நேராக பேக்கிங் ஹாலுக்குப் போய் அந்தக் காலிப் பெட்டிகளைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2.8 காட்டினால் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம் சரி என்று நம்பலாம்; இரண்டிலும் ஒரே அளவு தவறு இருந்தால் மட்டும் இது காட்டாது. இரண்டும் இடம் மாறியிருந்தால் கழித்தலில் மைனஸ் வந்து உங்களை அங்கேயே நிறுத்திவிடும். போன முறை ஏஜென்ட் கண்டுபிடித்ததை இந்த ஒரு கழித்தல் கண்டுபிடித்திருக்கும். மூன்று முறை படித்தும் அகப்படாதது ஒரு நிமிடக் கணக்கில் அகப்பட்டிருக்கும். (உங்கள் நிறுவனத்தில் நிகர எடை என்றால் காலணி மட்டுமா, ஷூ பாக்ஸோடு சேர்த்தா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். பல குழப்பங்களுக்கு அங்கேதான் வேர்.)

சைஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய சைஸில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, பிரிட்டிஷ் சைஸில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு ஏணிகளின் படிகளும் எங்கேயும் சரியாக ஒத்துவராது. அதனால் மாற்று அட்டவணையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாங்குபவர் கொடுத்த அட்டவணை மட்டும்தான் செல்லும்.

பழைய ஆர்டர் எண் இன்வாய்ஸில் நின்றுவிட்டது என்றீர்களே, அதற்குக் காரணம் என்ன என்று ஊகிக்கிறேன். போன ஷிப்மென்ட்டின் ஃபைலைத் திறந்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி, புதிய பெயரில் சேமிக்கிறீர்கள். எல்லா அலுவலகங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள், எல்லா அலுவலகங்களிலும் இப்படித்தான் தவறுகிறார்கள். பழைய எண் பார்ப்பதற்கு ஒழுங்கான எண்ணாகவே இருக்கும், கண் அதைச் சந்தேகப்படாது. ஒவ்வொரு வாங்குபவருக்கும் எண்கள் எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் படிவத்தை இன்றே செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப வேண்டிய கட்டங்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். காலிக் கட்டம் யார் கண்ணிலும் படும்.

சத்தம் போட்டுப் படிக்கும் பழக்கத்துக்கும் வெட்கப்படாதீர்கள். காட்பாடி ஜங்ஷனைக் கடந்து போகும் ரயிலின் எஞ்சினுக்குள் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் எதிரே வரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். எத்தனை ஆயிரம் முறை அந்தச் சிக்னலைப் பார்த்தவர்களாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும், அது விதி. ஜப்பான் ரயில்வேயில் விரலால் சுட்டிக்காட்டியும் சொல்வார்கள். அங்கே 1994-இல் நடந்த ஓர் ஆய்வில், எளிய வேலைகளில் 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறுகள் சுட்டிக்காட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தன. மூல ஆவணத்தை இடது பக்கம் வைத்து, விரலை எண்ணின் மேல் வைத்து, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே ஒப்பிடுங்கள்.

இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வேலூரில் மருத்துவமனைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். இரத்தம் எடுப்பதற்கு முன் "நீங்கள் லட்சுமிதானே?" என்று கேட்கக் கூடாது, "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும், பெயரோடு இன்னொரு விவரத்தையும், பெரும்பாலும் மருத்துவமனை எண்ணை, ஒத்துப்பார்க்க வேண்டும். நோயாளிப் பாதுகாப்பில் இது அடிப்படை. முதல் கேள்விக்கு அரைத்தூக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். நீங்களும் பக்கத்து மேஜைக்காரரிடம் "இது சரிதானே?" என்று தாளை நீட்டாதீர்கள். "மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறது, படியுங்கள்" என்று கேளுங்கள். மூலத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். இல்லை என்றே நினைக்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணர்களைவிடக் கூர்மையாகப் பயிற்சி பெற்றவர்கள் யார்? அவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளியின் பெயர், எந்தப் பக்கம் அறுக்க வேண்டும், எண்ணி வைத்த பஞ்சும் ஊசியும் திரும்ப வந்தனவா என்று வாய்விட்டுக் கேட்கிற பட்டியல். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததை 2009-இல் வெளியிட்டார்கள். அந்த மருத்துவர்களின் பிறவிக் குணம் ஒன்றும் நடுவில் மாறிவிடவில்லை. கையில் ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான்.

உங்கள் தவறுகளில் பாதி உங்களுடையவையே அல்ல என்றும் எனக்குத் தோன்றுகிறது. பேக்கிங் முடிந்து எடை விவரம் எத்தனை மணிக்கு உங்களிடம் வருகிறது? லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப நிற்கும்போது, துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதி யாரோ நீட்டுகிறார் என்றால், எந்தக் கண்ணும் தவறும். ஒரு நோட்டுப் போடுங்கள். தவறு நடந்த ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டம், மூல விவரம் எத்தனை மணிக்கு வந்தது, தாள் எத்தனை மணிக்குப் போனது, யார் கண்டுபிடித்தார் என்று நாலு வரி. பிறர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே பிடித்தவற்றையும் எழுதுங்கள். சில வாரங்களிலேயே தவறுகள் ஓரிரு இடங்களில் கூட்டம் கூடுவது தெரியும்.

முன்னேற்றம் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். நுணுக்கம் மட்டும் யாரையும் மேலே ஏற்றிவிடாது. அடுத்தவர் தாளில் காற்புள்ளி தேடிக்கொண்டிருப்பவரை எல்லோரும் மதிப்பார்கள், ஆனால் அதே நாற்காலியில் விட்டுவைப்பார்கள். மேலே போகிறவர்கள், தங்கள் பிரிவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்து, அங்கே வரப்போகும் சிக்கலை இங்கேயே பிடிப்பவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், உடலில் படும் தோல் பொருட்களில் குரோமியம்-6 என்ற நச்சுப் பொருளின் அளவு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு 2015 மே 1 முதல் இருக்கிறது. ஆவணப் பிரிவில் இருந்துகொண்டே, "இந்தச் சோதனை அறிக்கையில் உள்ள தோல் தொகுதி எண்ணும் இந்த ஆர்டருக்கு வெட்டிய தொகுதி எண்ணும் ஒன்றா?" என்று கேட்கிற பெண்ணை எந்த முதலாளியும் ஏற்றுமதிப் பிரிவின் பேச்சுவார்த்தைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார். படிக்காமலேயே கையெழுத்துப் போடலாம் என்று மேலதிகாரி நம்புகிற தாள் உங்களுடையதாகிவிட்டால், அந்த நம்பிக்கை சம்பளத்திலும் பதவியிலும் வந்து சேருவதைப் பலர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து மேஜைக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் வேகமாகவும் சரியாகவும் செய்கிறார் என்றால், எந்த இடத்தைப் பார்க்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று அருகே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். சரியாகச் செய்யவில்லை என்றால் அவருடைய ஆவணங்கள் வங்கியிலிருந்து திரும்பும்போது தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாசிப்பை விட்டுவிட்டு இரண்டு வெவ்வேறு வழிகளில் பார்க்கத் தொடங்கினால் உங்கள் வேகமும் தானாகக் கூடும்.

மேலாளரிடம் போவதற்கு அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் எழுதிய பிறகு, அவருக்கு அவசர வேலை இல்லாத ஒரு காலை நேரம் பார்த்துப் போங்கள். "சார், மதிப்பீட்டில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தீர்கள். எந்தெந்த ஆவணங்களை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று சொன்னால் அவற்றையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று நோட்டைத் திறந்து வையுங்கள். வெற்றுப் படிவத்தைக் காட்டுங்கள், எடைக் கணக்கைக் காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கோரிக்கை: லாரி கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது பேக்கிங் ஹாலிலிருந்து எடை விவரம் அச்சிட்ட படிவத்தில் வர வேண்டும். இந்தப் பேச்சை அடுத்த மதிப்பீடு வரை தள்ளிப் போடாதீர்கள். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் ஷிப்மென்ட்டுகள் குவியும். அதற்கு முன்பே அந்தப் படிவம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா